தொப்பி போட்ட துரையும் தோட்டத்துக் கண்களும்

ஈப்போவிலிருந்து லகாட்டுக்கென்றே புறப்படுகிறவர்கள் குறைவு. லகாட் வழியாக வேறெங்கோ போகிறவர்கள்தான் அதிகம். மெங்லெம்புவில் வண்டியை நிறுத்தி, கைச் சின்னம் போட்ட கடலைப் பொட்டலம் ஒன்றை வாங்கி உரிக்கத் தொடங்கினால், பாதி தீர்வதற்குள் லகாட் வந்துவிடும். வலது பக்கம் கிளேடாங் மலைத்தொடர் கூடவே வரும். இன்னும் கொஞ்சம் போனால் பாப்பான், பூசிங். இன்னொரு பக்கம் திரும்பினால் பத்து காஜா. இடையில் ஆங்காங்கே மின்னும் குளங்களைப் பார்த்து இயற்கை அழகு என்று படம் எடுப்பார்கள். பாதிக்கு மேல் இயற்கை இல்லை. ஈயத்துக்காக மனிதர்கள் தோண்டிய பள்ளங்கள், மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கு உலகத்துக்கே ஈயம் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1985இல் ஈய விலை சரிந்தபோது அது முடிந்தது.

தமிழர்கள் பெரும்பாலும் இங்கே ஈயத்துக்காக வந்தவர்கள் அல்லர். அது சீனர்களின் கதை. நம்மவர்கள் ரயில் பாதைக்கும் சாலைக்கும் ரப்பருக்கும் வந்தவர்கள். லகாட்டைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் பல இடங்களில் செம்பனையாகவோ தாமானாகவோ மாறிவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் சிலர் ஈப்போ புந்தோங்குக்குப் போனார்கள். சிலர் கோலாலம்பூருக்கு. என் தாய்மாமா லகாட்டில் ஒரு சிறிய வீட்டை வாங்கிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார்.

மாமாவுக்கு எழுபத்தெட்டு வயது. பத்து காஜா பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் பால் வெட்டியவர். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்கு இன்றும் பெயர் 'சந்திரமதி'தான். தோட்டத்துக் கூத்தில் அவர் போட்ட வேடம் அது. கெல்லிஸ் காசல் பார்க்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"கோட்டையைப் பாக்க ஊரே போகுது. நீ அந்தக் கோயிலப் பாக்கணும். கூரை மேல தொரை செலை இருக்கு. நம்ம ஆளுங்க செஞ்சது."

வண்டியில் போகும்போதுதான் கூத்துக் கதை வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்காமல் போயிருந்தால் அந்தச் சிலை எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் தெரிந்திருக்கும்.

தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் கூத்து உண்டு. அரிச்சந்திரன், நல்லதங்காள், கோவலன். நடிக்கிறவர்களும் பால் வெட்டுகிறவர்கள்தான். வாத்தியார் ஒருவர், ஆர்மோனியம் ஒன்று, காஸ் விளக்கு இரண்டு. பெண் வேடமும் ஆண்களே. விடியும்போது கூத்து முடியும். முடிந்த கையோடு முகத்து அரிதாரத்தைக் கழுவிக்கொண்டு பெரட்டுக்கு ஓட வேண்டும். பார்த்தவர்களும் அப்படியே. உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்கும் கதை தெரியும். அடுத்து யார் வருவார், என்ன பாடுவார் என்பதும் தெரியும். பிறகு எதற்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டேன்.

"அதுக்குத்தாம்மா. கதை தெரியாதவன் கதையப் பாப்பான். தெரிஞ்சவன் உன்னப் பாப்பான்."

மாமாவுக்கு அப்போது பதினெட்டு வயது. குரல் நன்றாக இருந்ததால் சந்திரமதி வேடம். மயான காண்டத்தில் பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மகனாக நடித்த பையன் கனமானவன். அதனால் பழைய துணிகளைச் சுற்றி ஒரு பொதி செய்து, அதைத் தூக்கிக்கொண்டு பாடினார். குரல் உச்சத்துக்குப் போனது. பின்வரிசையில் கைதட்டல். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது, மேடையில் நின்ற இவர் காதில் விழுந்தது.

"அது தலகாணி. புள்ள இல்ல."

மறுநாள் மாலை அந்த ஆயா லயத்துக்கே வந்துவிட்டாராம். வாசலில் கிடந்த ஈரச் சாக்கை மாமாவின் கைகளில் போட்டு, முழங்கை மடிப்பைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். தலை இங்கே வர வேண்டும். கை தாங்காவிட்டால் பின்னால் தொங்கிவிடும். "செத்த புள்ளைக்கு கழுத்து நிக்காதுடா தம்பி." அந்தத் தோட்டத்து மண்ணில் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர் அவர்.

அடுத்த வருடத் திருவிழாவில் மாமா அப்படித் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. யாரும் கைதட்டவில்லையாம். ஆயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதுக்கு மேல எனக்கு எதுவும் வேணாம்னு இருந்துச்சு," என்றார் மாமா. கடலைத் தோலைக் கவனமாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். வண்டிக்குள் குப்பை போட்டால் அவருக்குப் பிடிக்காது.

பத்து காஜாவைத் தாண்டி கோப்பெங் சாலையில் போனால் இடது கைப்பக்கமோ வலது கைப்பக்கமோ என்று தேட வேண்டியதில்லை. மேட்டின் மேல் அந்தக் கோபுரம் தெரிந்துவிடும். வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1870இல் பிறந்து, இருபது வயதில் மலாயாவுக்கு வந்தவர். சாலை, நில அளவைக் குத்தகைகளில் சம்பாதித்து, கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கி ரப்பர் போட்டவர். முதலில் ஒரு வீடு கட்டினார். 1915இல் மகன் பிறந்ததும், அதைவிடப் பெரிதாக இந்த மாளிகையைத் தொடங்கினார். அவருக்கு இந்தியா மீது ஒரு மோகம். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து. மதராஸ் பக்கத்திலிருந்து எழுபது வேலையாட்கள். குதிரை லாட வளைவுகள், நீண்ட தாழ்வாரங்கள், ஆறு மாடிக் கோபுரம். கோபுரத்துக்குள் ஒரு மின்தூக்கி. பொருத்தியிருந்தால் மலாயாவிலேயே அதுதான் முதலாவதாக இருந்திருக்கும் என்பார்கள். பொருத்தவில்லை. 1926 டிசம்பரில் ஐரோப்பா போன இடத்தில், லிஸ்பனில் நிமோனியா காய்ச்சல் கண்டு அவர் இறந்துவிட்டார். மனைவி ஆக்னஸ் திரும்பி வரவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அன்ட் கிராஸ்பீல்டு கம்பெனிக்குக் கைமாறியது.

மாளிகையை நல்ல முறையில் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை என்பதால் கூட்டம். பெரும்பாலோர் வந்தது பேய்க் கதைக்காக. எந்த அறையில் என்ன தெரியும் என்று ஒரு பையன் தன் தோழியிடம் விளக்கிக்கொண்டிருந்தான். நான் வளைவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு செங்கல் வளைவைச் சாரமிட்டு, கோணம் பிசகாமல் எழுப்பி, நடுக்கல்லை இறக்குவது சாதாரண வேலை இல்லை. இங்கே அப்படி வரிசை வரிசையாக நிற்கின்றன. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இது யார் பார்ப்பதற்காகச் செய்தது? விருந்துக்கு வரப்போகிற வெள்ளைக்காரத் துரைகளும் துரைசாணிகளும் பார்த்து வியப்பதற்காக. அவர்கள் உட்காருவதற்கு முன்பே வீடு நின்றுபோனது. கட்டியவர்களோ அந்த மண்டபத்தில் விருந்தாளியாக ஒருநாளும் நுழைந்திருக்க முடியாது. வேலைக்காரர்கள் என்ற முறையில் செங்கல்லைச் சரியாக வைத்தார்கள். சம்பளம் வாங்கினார்கள். "நன்றாக இருக்கிறது" என்றோ "அது தலகாணி" என்றோ சொல்ல முன்வரிசையில் யாரும் இல்லை. மாளிகையின் அழகில் எனக்கு ஏதோ ஒட்டாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மாமா மாடிக்கே வரவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்து, "பாத்தாச்சா?" என்றார்.

கோயில் அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். மாளிகை வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1918இல், உலகத்தையே சுற்றி வந்த ஸ்பானிஷ் காய்ச்சல் மலாயாவுக்கும் வந்தது. தோட்டங்களில் நம் ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கெல்லி ஸ்மித்தின் ஆட்களும் இறந்தார்கள். அம்மை, காய்ச்சல், கொள்ளைநோய் என்றால் தமிழர்கள் யாரிடம் போவார்கள்? மாரியம்மாவுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள். துரை சம்மதித்தார். அதற்கு நன்றியாக, கோயில் கூரையில் தெய்வங்களின் வரிசையிலேயே அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வெள்ளை உடுப்பு, தலையில் வெயில் தொப்பி. கீழே நின்று தேடினால் சட்டென்று தெரிந்துவிடும். மற்ற எல்லார் தலையிலும் கிரீடம்.

பார்த்ததும் எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். பிறகு சற்று நேரம் நின்று பார்க்கப் பார்க்க, அதைச் செய்தவர் எப்படிப்பட்ட சிக்கலில் மாட்டியிருப்பார் என்று தோன்றியது.

கோயில் சிலை செய்கிறவருக்கு எல்லாமே அளவு. சிலையின் முக நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இந்த அங்குலம் கடையில் விற்கும் அளவுகோலில் உள்ளது அல்ல. சிலையின் உயரத்தை வகுத்தால் கிடைக்கும் பங்கு. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். அம்மனுக்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். சாதாரண மனித உருவுக்கு எட்டுத் தாலம். கிரீடத்தின் உயரம் தனிக் கணக்கு. ஒவ்வொரு தெய்வத்துக்கும் தியான சுலோகம் இருக்கிறது: எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், என்ன நிறம், என்ன வாகனம். தோட்டத்துச் சுதை வேலையில் இந்தக் கணக்கெல்லாம் கறாராக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. என்றாலும் கை பழகியது அந்தக் கணக்கில்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிள்ளையாரைச் செய்துவிடக் கூடிய கை அது. பிள்ளையாரை நேரில் பார்த்து, "இப்படி இல்லையே" என்று சொல்லக் கூடியவர் கூட்டத்தில் யாரும் இல்லை.

துரைக்கு ஏது தாலம்? ஏது தியான சுலோகம்? வேட்டி மடிப்புக்கும் சேலைக் கொசுவத்துக்கும் ஆயிரம் வருடப் பழக்கம் உண்டு. கால்சட்டை எங்கே மடியும், பொத்தான் வைத்த சட்டை தோளில் எப்படி உட்காரும் என்று எந்த நூலிலும் இல்லை. கிரீடம் வர வேண்டிய இடத்தில் விளிம்புள்ள ஒரு தொப்பி. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது அந்த விளிம்பு முகத்தை மறைத்துவிடும். கிரீடத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதைவிடப் பெரிய தொல்லை, கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் அந்த ஆளைத் தெரியும். தெய்வத்தை யாரும் பார்த்ததில்லை. துரையை வாரம் முழுக்கப் பார்க்கிறார்கள். நூல் கைவிட்ட இடத்தில் சிற்பிக்கு இருந்த ஒரே அளவுகோல் அந்தக் கண்கள்தான்.

அந்தக் கண்கள் அவரை எப்படிப் பார்த்திருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். தோட்டத்தில் துரை வந்தால் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். இது ஏதோ மிகைப்படுத்திச் சொன்ன பழங்கதை இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில், வெள்ளைக்காரர் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. கெல்லி ஸ்மித் காலம் அதற்கும் முந்தியது. கங்காணி கூட்டி வந்த கடனோடு வந்தவர்கள். இருட்டில் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பவர்கள். அவர்களுக்குத் தெரிந்த துரை, தூரத்தில் ஒரு தொப்பி. பக்கத்தில் வந்தால் ஒரு ஜோடி பூட்ஸ். நடுவில் வெள்ளையாக ஒரு சட்டை.

சிலையில் இருப்பதும் அதுதான். கண்ணாடியில் அவரே பார்த்துக்கொண்டிருந்த கெல்லி ஸ்மித் அல்ல, பெரட்டில் நின்றவர்களின் துரை.

நன்றிக்காக வைத்தது என்று சொல்லும் கதையை நான் மறுக்கவில்லை. நோயில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு கோயில் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் சுற்றுலா வழிகாட்டிகள் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் போதவில்லை. நிமிர்ந்து பார்க்கக் கூடாத ஒருவரை, நிமிர்ந்து பார்த்தே ஆக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார் சிற்பி. இங்கே யாரும் தலை குனிய வேண்டியதில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேண்டிய மட்டும் துரையைப் பார்க்கலாம். மூக்கு சரியில்லை என்றுகூடச் சொல்லலாம். இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் செய்தார்களா? தெய்வத்தின் சபையில் துரையும் ஒரு பரிவாரமாக நிற்கட்டும் என்று நினைத்தார்களா? கூரைச் சிலைகளுக்குத் தனிப் பூசை கிடையாது. தேங்காய் உடைப்பது உள்ளே இருக்கும் மாரியம்மாவுக்குத்தான். துரை வெளியே காவல்.

நம் கோயில்களில் இது புதிதும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தொப்பி வைத்த ஓர் ஐரோப்பிய முகம் உண்டு. யார், எப்போது வைத்தது என்று இன்றும் வாதம் செய்கிறார்கள். பக்கத்தில் சிங்கப்பூருக்குப் போனால், சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் ராஜகோபுரத்தில் காக்கி உடுப்புச் சிப்பாய்கள் தெய்வங்களோடு நிற்கிறார்கள். ஊரில் யார் துப்பாக்கி பிடித்து நிற்கிறார்களோ அவர்களைக் கோபுரத்துக்கு ஏற்றிவிடுவது நம் சிற்பிகளின் பழக்கம். பார்க்கிறவர்களின் உலகம் முழுதாக அங்கே இருக்க வேண்டும் என்பது கணக்கு. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பதும் அதற்குத்தான். வேலையை விட்டு வர முடியாதவன் தூரத்திலிருந்தே பார்த்துக் கும்பிட்டுக்கொள்ள.

கோயில் முற்றத்தில் எங்களைத் தவிர ஒரு குடும்பம் இருந்தது. பினாங்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய சின்னப் பெண் கூரையைக் காட்டி மாமாவிடம் கேட்டாள்.

"தாத்தா, இது என்ன சாமி?"

"சாமி இல்லம்மா. தொரை."

"அப்ப ஏன் சாமியோட இருக்காரு?"

மாமா கொஞ்சம் யோசித்தார். "அவரு காசுலதான் கட்டுனாங்க. விட்டுட்டா கோச்சுக்க மாட்டாரா?" என்றார். அவளுடைய அப்பா சிரித்துவிட்டு கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்குப் பதில் போதவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கோயில் என்றால் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருப்பணி, குடமுழுக்கு என்பது மரபு. வண்ணம் தீட்டவும் உடைந்த கைகால்களை ஒட்டவும் தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகளை வரவழைப்பது இந்த நாட்டில் இன்றும் வழக்கம். கெட்டிக்காரர்கள். ஒரு நாளில் நாலு முகம் எழுதிவிடுவார்கள். ஆனால் சில மாத விசாவில் வந்து, கோயில் மடத்தில் தங்கி, வேலை முடிந்ததும் விமானம் ஏறிவிடுகிற தம்பிக்கு, கீழே நின்று பார்க்கப்போகிறவர் யார் என்று எப்படித் தெரியும்? துரையின் சட்டைக்கு என்ன வெள்ளை, தொப்பிக்கு என்ன நிறம் என்று சொல்ல யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நிற்கக் கூடியவர்கள் தோட்டத்தோடு கலைந்துபோனார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத் துண்டாடல், பிறகு செம்பனை, பிறகு வீடமைப்பு. லயம் இடிபடும்போது முன்வரிசையும் சேர்ந்தே போய்விடுகிறது.

கூத்து என்ன ஆயிற்று என்று மாமாவிடம் கேட்டேன். தொலைக்காட்சி வந்தது, வாத்தியார் இறந்தார், தோட்டம் போனது என்று மூன்றே வார்த்தையில் முடித்துக்கொண்டார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். பல வருடம் கழித்து ஈப்போவில் ஒரு மண்டபத்தில் பழைய கலைஞர்களைக் கூப்பிட்டு மேடை ஏற்றினார்களாம். பொன்னாடை, மாலை, குளிர்சாதனம். மயான காண்டத்தில் பத்து நிமிடம் மட்டும் செய்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததுமே கைதட்டல். முழங்கையில் அந்தத் தலையைத் தாங்குவதற்குள் இன்னொரு கைதட்டல்.

"நல்ல ஜனங்க. சந்தோஷமாத்தான் தட்டுனாங்க. எங்க தட்டக் கூடாதுன்னுதான் தெரியல."

குறையாகச் சொல்லவில்லை. நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படித் தட்டுகிற தலைமுறைதான். இறந்த பிள்ளையைத் தூக்கத் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்திருப்பது நல்ல விஷயமும்கூட. அந்த ஆயாவின் கண் இருக்க வேண்டும் என்றால் அந்த ஆயாவின் வாழ்க்கையும் வேண்டும். அதை யாருக்கும் கேட்க முடியாது. ஆனால் அந்தக் கண் இல்லாமல் மாமாவின் கை என்ன செய்யும் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. இந்த ஒன்று மட்டும் அன்று முழுக்க மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒரு இடத்தில் மட்டும் அந்தப் பழைய கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம். மாமாவின் பேரன் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனையோ குழுக்கள். சுற்றி நூறு கைபேசிகள் படம் பிடிக்கும். சினிமாப் பாட்டு மெட்டைப் போட்டால் கூட்டம் துள்ளும். பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இந்தச் சண்டை எல்லா வருடமும் உண்டு. ஆனால் போன வருடம் நான் பக்கத்தில் நின்று கவனித்தபோது, உறுமியைத் தேய்த்துக்கொண்டிருந்த பையன் கூட்டத்தையும் பார்க்கவில்லை, கைபேசியையும் பார்க்கவில்லை. காவடி தூக்கியவரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதம் தளர்ந்தால் தேய்ப்பு மாறும். அந்த வளைந்த குச்சி தோலில் இழுபட்டு ஒரு முனகல் எழும். அருள் வருவதும் வராததும் அந்த இடத்தில்தான் தெரியும். அதில் பொய்யாகக் கைதட்ட முடியாது. வயிற்றிலும் முதுகிலும் அலகு குத்தியிருப்பவருக்குத் தாளம் பிசகினால் உடம்பே சொல்லிவிடும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "அவன் கையி பரவால்ல," என்றார். பேரனைப் பற்றி அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்று அத்தை பிறகு சொன்னார்.

நாங்கள் கிளம்பும்போது சாயங்காலப் பூசைக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். மாமா வரவில்லை. முற்றத்தில் நின்று, ஒரு கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா?"

"தொப்பி வெளிம்பக் கொஞ்சம் அகலமா வெச்சிட்டான்."

"நீங்க எங்க அவரப் பாத்தீங்க? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே செத்துட்டாரே."

"எங்க அப்பாயி பாத்திருக்கு. இந்தத் தோட்டத்துலதான் வேல. வெளிம்பு இவ்வளவுதான் இருக்கும்னு சொல்லும்." கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து அளவு காட்டினார். பிறகு அந்த விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, மறுபடியும் ஒருமுறை கூரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.